உள்ளே வர மட்டும் வழி

காலை பத்து மணிக்கு நீதி வந்து காளியப்பனுடைய இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது.

வெள்ளை வண்டி. இரண்டு பக்கமும் நீல எழுத்தில் 'வாசலில் நீதி' என்று எழுதி, கீழே ஒரு தராசு வரைந்திருந்தார்கள். உலகம் முழுக்க சாதாரண ஜனங்களுக்கு சிவில் வழக்குகளில் நீதி எட்டுவதில்லை என்று ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு கண்டுபிடித்தது. ஜனங்கள் நீதியிடம் போக முடியாவிட்டால் நீதி ஜனங்களிடம் போகட்டும் என்று முடிவு செய்து, ஊர் ஊராக வண்டி அனுப்பியது. தர்மபுரி மாவட்டத்துக்கு இரண்டு வந்தன. ஒன்று பாலக்கோட்டுப் பக்கம், இன்னொன்று நல்லம்பள்ளிப் பக்கம்.

கேட்டுக்கு உள்ளே, கூப்பிடு தூரத்தில், மனுதாரர் கோவிந்தம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. அவர்கள் ஊரான ஊஞ்சமரத்துக்கொட்டாயில் இந்த வருடம் யாருக்கும் வராத காய் அவளுக்கு வந்திருந்தது. பாலக்கோடு மண்டியில் விலையும் ஏறியிருந்தது. காயும் விலையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அறுபது கிரேடு, அதாவது அறுபது பிளாஸ்டிக் பெட்டி நிறையப் பறித்து வீட்டு நிழலில் அடுக்கி வைத்திருந்தாள். பழுத்த காய் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும்.

பிரச்சினை பாதை. அவள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை காளியப்பன் நிலத்தின் ஓரமாகப் போகிறது. காளியப்பன் அவள் கணவனுக்குச் சித்தப்பா மகன். கணவன் வெங்கடாசலம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். மாதம் ஒருமுறை வருவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்வேயர் வந்து அளந்து பார்த்துவிட்டு, பாதை முழுவதும் காளியப்பன் பட்டாவில் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரமே காளியப்பன் கல்லுக்கால் நட்டு, முள்கம்பி இழுத்து, கேட் போட்டுப் பூட்டிவிட்டான். அன்றிலிருந்து கோவிந்தம்மாளின் தக்காளி, தலைச்சுமையாக ஏரிக்கரையைச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போகிறது. ஒரு நடைக்கு ஒரு கிரேடு. போய் வர முக்கால் மணி நேரம். அறுபதாவது கிரேடு ரோட்டுக்குப் போவதற்குள் முதல் கிரேடு அழுகிவிடும்.

கோர்ட்டில் வழக்குப் போட்டாள். இரண்டு வருடத்தில் பதினேழு வாய்தா. பதினேழுக்கும் ஏரிக்கரை வழியாகவே போய் வந்தாள்.

வண்டியிலிருந்து முதலில் கையில் 'டேப்' என்ற தொடுதிரைக் கணினியோடு இளம் வக்கீல் கவிப்பிரியா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஓய்வுபெற்ற நீதிபதி சவுரியப்பன் இறங்கினார்.

காளியப்பன் ஓடி வந்து கும்பிட்டான். "வாங்கய்யா, வாங்கம்மா. எங்க போவணுங்க?"

"கோவிந்தம்மாள் வீட்டுக்கு. இந்தப் பாதையை நீங்க அடைச்சிட்டதா மனு வந்திருக்கு. விசாரிக்க வந்திருக்கோம்" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா, நான்தான் அடைச்சேன்."

நீதிபதிக்குச் சந்தோஷமாகிவிட்டது. "ஒத்துக்கிறார் பாரும்மா. விசாரணையை இங்கேயே முடிச்சிடலாமா?"

"முடியாது சார். மனுதாரர் வாசல்ல போய் நின்னாத்தான் டேப்ல ஃபைலே தொறக்கும். இங்க நின்னா 'நீங்கள் இன்னும் நீதியை அடையவில்லை'ன்னு காட்டுது."

காளியப்பன் பதறிப்போனான். "ஐயா வர்றதுக்கு வழி இல்லாமயா? வந்தவங்கள வாசல்ல நிறுத்தற குடும்பம் இல்லீங்க எங்களது." சாவியை எடுத்து கேட்டை அகலத் திறந்தான். வண்டி உள்ளே போனது. பின்னாலேயே கேட்டைச் சாத்திப் பூட்டு போட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை.

கோவிந்தம்மாள் வாசலில் மேசை விரித்தார்கள். வண்டியோடு வந்த டவாலி மூன்று முறை அவள் பெயரைக் கூப்பிட்டார். எதிரில்தான் நின்றிருந்தாள். மூன்று முறையும் "இங்கதானுங்க இருக்கறன்" என்றாள்.

"உங்க குறை என்னம்மா?"

"என் காட்டுக்கு வண்டி வர வழியில்லீங்கய்யா."

கவிப்பிரியா பதிவு செய்தாள். டேப் அடுத்த கேள்வி கேட்டது: 'நீதிபதி மனுதாரரின் வாசலை எப்படி அடைந்தார்?' உலகம் முழுக்க ஒரே படிவம் என்பதால் நான்கு விடைகள் இருந்தன. நடந்து, படகில், ஒட்டகத்தில், வண்டியில். கவிப்பிரியா 'வண்டியில்' என்பதைத் தொட்டாள். டேப் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'வாழ்த்துகள்! வண்டி வர வழி உள்ளது. குறை தீர்ந்தது' என்றது. வண்டிக்குள்ளிருந்த மெஷின் தராசுப் படம் போட்ட ஒரு சான்றிதழைத் துப்பியது.

"அய்யோ, தீரலீங்கம்மா!"

"தீர்ந்துடுச்சுன்னு வந்துடுச்சேம்மா."

"வண்டி வந்துச்சுங்க. வழிதான் இல்லீங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருட சர்வீஸில் எந்த வழக்கும் இவ்வளவு வேகமாக முடிந்ததில்லை. "அப்பீல் போகலாமா?"

"தோத்தவங்கதான் அப்பீல் போக முடியும் சார். இவங்க ஜெயிச்சிட்டாங்க."

கடைசியாக டேப் ஐந்து முகங்களைக் காட்டியது. சிரிக்கும் முகம் தொடங்கி அழும் முகம் வரை. 'இந்த நீதி உங்களுக்கு எப்படி இருந்தது?' கோவிந்தம்மாள் குனிந்து ஐந்தையும் பார்த்தாள்.

"இதுல தலையில கிரேடு வச்சிருக்கற மூஞ்சி இல்லீங்களே?"

டிரைவர் சென்றாயன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் கேட்டின் முன்னால் ஹாரன் அடித்தான். காளியப்பன் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டான். திறக்கவில்லை.

"கேட்டைத் தொறங்கண்ணா."

"தொறக்கறது ஒண்ணும் பெரிசில்ல தம்பி. வெளிய போறதுலதான் ஒரு சிக்கல் இருக்குது."

நீதிபதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன சிக்கல்?"

"எங்க வக்கீல் சொல்லியிருக்காருங்கய்யா. உள்ள வந்தா அது விருந்தாளி. வந்தவங்க அதே வழியா வெளியவும் போனா அது போக்குவரத்து. போக்குவரத்து நடந்துடுச்சுன்னா அது பாதைன்னு ஆயிடும், என் கேஸ் படுத்துடும். நாளைக்கு அண்ணி கோர்ட்டுல ஏறி, ஜட்ஜே போய் வந்தாருன்னு சொல்லும்ல?"

நீதிபதி அதை இன்னொரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். அந்த வாதத்தில் எங்கேயோ ஓட்டை இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. "யாருய்யா உன் வக்கீல்?"

"முருகேஷுங்க. உங்க கோர்ட்டுலதான் தொழில் பழகினாராம். இது நீங்க சொன்ன பாயிண்டுதான்னு பெருமையாச் சொல்றாருங்க."

நீதிபதி போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"பட்டா யார் பேருல இருக்குதுங்க ஐயா?"

"காளியப்பன் பேர்ல."

"அப்ப அது சிவில் மேட்டருங்க. நாங்க தலையிடக் கூடாது. நீங்க கோர்ட்டுக்குத்தான் போவணும்."

"நான்தாங்க கோர்ட்டு!"

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சுங்க ஐயா." போன் வைக்கப்பட்டது.

கோவிந்தம்மாள் ஜன்னல் பக்கம் வந்தாள். "ஏரிக்கரை வழியா நடந்துடலாங்கய்யா. நான் தினமும் போறேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா சேறு தெரியாது."

"வண்டியை விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது? இந்த வண்டிதான் நீதிமன்றம். நீதிபதியே நீதிமன்றத்தை அம்போன்னு விட்டுட்டுப் போகலாமா?"

வேறு வழி தெரியாமல் நீதிபதி தானே ஒரு மனு கொடுத்தார். குறை: வண்டி போக வழியில்லை. தற்போதைய முகவரி: கோவிந்தம்மாள் வீட்டு வாசல். தன் மனுவைத் தானே விசாரிப்பது முறையில்லை என்பதால் அது நல்லம்பள்ளி வண்டிக்குப் போனது. மனுதாரர் மூத்த குடிமகன் என்பதால் அன்றைக்கே விசாரணை என்று டேப் உத்தரவு போட்டது.

மதியம் ஒரு மணிக்கு இரண்டாவது வண்டி வந்தது. உள்ளே இன்னொரு ஓய்வுபெற்ற நீதிபதி, கலைமணி அம்மையார்.

"வராதீங்கம்மா! அங்கேயே நில்லுங்க!" என்று சவுரியப்பன் உள்ளிருந்து கத்தினார்.

"நின்னா ஃபைல் தொறக்காதே சார்!" என்று அந்த அம்மாள் வெளியிலிருந்து கத்தினார்.

"வாங்கம்மா, வாங்க" என்று காளியப்பன் கேட்டைத் திறந்துவிட்டான். பூட்டினான்.

கலைமணி அம்மையார் எப்படி வந்தார்? வண்டியில். வாழ்த்துகள். மெஷின் இன்னொரு சான்றிதழைத் துப்பியது. அதில் சவுரியப்பனின் குறை தீர்ந்திருந்தது. அவர் அதை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கோவிந்தம்மாளிடம், "பதினேழு வாய்தான்னு மனுவுல போட்டிருந்தீங்களே, நெசமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"ம்."

வண்டிக்கு நாலு பேராக இப்போது எட்டுப் பேர். எட்டுப் பேரும் விருந்தாளி என்பதுதான் காளியப்பனின் வழக்கே. விருந்தாளி என்றால் சோறு போட்டாக வேண்டும். கோவிந்தம்மாள் உலை வைக்கப் போனபோது அவன் பாய்ந்து வந்து தடுத்தான். "அண்ணி, நீங்க சோறு போட்டா உங்க வூட்டுக்குப் போற வழியில வந்த ஆளுங்கன்னு ஆயிடும். எங்க வூட்டுலதான் சாப்பிடணும்." கேட்டுக்கு உள்ளேயே இருந்த அவன் வீட்டில் மதியம் சோறும் கறிக்குழம்பும். சாயந்திரம் போண்டா, டீ. இரவு களியும் கீரைக் கடைசலும். நீதிபதிகளுக்குக் கட்டில், வக்கீல்களுக்குப் பாய். சமைத்தது, பரிமாறியது, பாத்திரம் துலக்கியது எல்லாம் காளியப்பனின் மனைவி ராமக்காள். காளியப்பன் ஒவ்வொருவராகப் போய், "போதுமுங்களா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மாள் தக்காளியைப் போய்ப் போய்ப் பார்த்தாள். கட்டை விரலால் அழுத்தினால் அடிக்கிரேடு குழைந்தது. நாளைக் காலை மண்டிக்குப் போகாவிட்டால் இத்தனை காலத்தில் ஒரே ஒருமுறை வந்த விலை, அவள் இல்லாமலே வந்துவிட்டுப் போய்விடும்.

மறுநாள் விடியலில் காளியப்பன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கவிப்பிரியா டேப்பைப் பார்த்துச் சொன்னாள்: "சார், கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு வண்டி சும்மா இருக்காம். கூப்பிடட்டுமா?"

அடுப்படியில் ஏதோ பித்தளைப் பாத்திரம் விழுந்தது. ராமக்காள் களி கிண்டும் துடுப்போடு வெளியே வந்தாள்.

"மூணாவது வண்டியா? இன்னும் நாலு பேரா? ஏன்யா, நான் கட்டிக்கிட்டு வந்தது உன்னையா, கல்யாண மண்டபத்தையா?"

"ராமக்கா, கேஸு..."

"கேஸாவது கீஸாவது! இந்த ஐயா சர்க்கரை இல்லாம காபி கேக்கறாரு. அந்தம்மா வெங்காயம் சாப்பிடாதாம். டிரைவருங்க ரெண்டு பேரும் முட்டை எங்கன்னு கேக்கறானுங்க. மத்தியானத்துக்குள்ள இவங்க எல்லாரும் கெளம்பணும். இல்லீன்னா நான் கெளம்பிடுவேன். ஏரிக்கரை வழியா நான் நடந்து போனா அதுவும் போக்குவரத்தான்னு உன் வக்கீலைக் கேட்டு வை!"

காளியப்பன் அவசரமாகப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். கோவிந்தம்மாள் அப்போதுதான் அங்கே வந்தாள். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் கேட்டைத் திறக்கும்படி காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று வந்திருந்தாள்.

"வக்கீல் சார், இவங்கள அனுப்பணும். கேஸும் போவக் கூடாது. எப்படிங்க?"

முருகேஷ் கொஞ்சம் யோசித்தார். "அனுப்பலாம். ஆனா விருந்தாளியாவே அனுப்பணும். விருந்தாளியை வெறுங்கையோட அனுப்புவோமா? கையில ஏதாவது குடுங்க. குடுக்கறதை போட்டோ எடுத்துக்குங்க. வெறுங்கையோட போனா வழிப்போக்கன், பொருளோட போனா விருந்தாளி. எவ்வளவு பொருளோ அவ்வளவு ஸ்ட்ராங்கு."

"தேங்கா குடுக்கட்டுங்களா? எட்டுத் தேங்கா இருக்குது."

கோவிந்தம்மாள் முன்னால் வந்தாள். காலில் விழும் யோசனையை விட்டுவிட்டாள். "ஏங்க கொழுந்தனாரே, ஆளுக்கு ஒரு தேங்காயா? ரெண்டு ஜட்ஜு வந்திருக்காங்க. நம்ம குடும்பத்தப் பத்தி நாலு பேரு என்ன பேசுவாங்க? கேஸுதான் நிக்குமா?"

"வேற என்ன அண்ணி இருக்குது என்கிட்ட?"

"என்கிட்ட அறுபது கிரேடு தக்காளி இருக்குது. நம்ம குடும்பத்து சார்பா குடுத்துடுவோம்."

காளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா அண்ணி?" பிறகு போனைப் பார்த்து, "சார், தேங்காய்க்குப் பதிலா தக்காளி குடுத்தா செல்லுங்களா? அறுபது கிரேடு" என்று கேட்டான்.

"அறுபது கிரேடா!" போனில் முருகேஷின் குரல் சிலிர்த்தது. "சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் நிக்குங்க!"

சவுரியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "நிறுத்துங்க. நீதிபதி பரிசு வாங்கக் கூடாது. ஒரு தக்காளி கூட வாங்க மாட்டேன்."

"வாங்காதீங்கய்யா" என்றாள் கோவிந்தம்மாள். "ஏத்திக்கிட்டுப் போய் பாலக்கோடு மண்டியில எறக்கி வச்சிட்டு, கையைத் தட்டிட்டுப் போயிடுங்க. நானும் கூடவே வர்றேன்."

நீதிபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கவிப்பிரியா டேப்பில் வேகமாக எதையோ தேடினாள். "சார், 'வழக்கு தொடர்பான பொருட்கள்'னு ஒரு கட்டம் இருக்கு. எண்ணிக்கை அறுபதுன்னு போட்டுடலாம்."

"போடு" என்றார் நீதிபதி.

கிரேடுகளைச் சுமந்து ஏற்றியது காளியப்பன்தான். விருந்தாளிகளைச் சுமக்க விடலாமா? இரண்டு வருடமாகத் தன் பாதையில் ஒரு தக்காளி கூடப் போகாமல் பார்த்துக்கொண்டவன், வியர்வை சொட்டச் சொட்ட அறுபது கிரேடையும் தூக்கி வைத்தான். முதல் வண்டிக்குள் சாட்சி நிற்கும் இடத்தில் பதினாறு. மேசைக்கு அடியில் எட்டு. கலைமணி அம்மையாரின் வண்டியில் முப்பது. மிச்சமிருந்ததைப் படிக்கட்டில் அடுக்கினார்கள். கடைசி ஒன்று எங்கேயும் கொள்ளாமல் சவுரியப்பன் மடியில் ஏறியது. காளியப்பன் கேட்டைத் திறந்து, நடுவில் நின்று கும்பிட, ராமக்காள் போட்டோ எடுத்தாள்.

"போயிட்டு வாங்கய்யா. குத்தம் குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க."

"குறை எல்லாம் தீர்ந்துடுச்சுப்பா" என்றார் நீதிபதி. "சான்றிதழே இருக்கு."

மண்டியில் தராசு வரைந்த வண்டிகள் இரண்டு வந்து நின்றதும், எடை மோசடியைச் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று பாதி வியாபாரிகள் காணாமல் போனார்கள். மண்டிக்காரர் மாதேஸ்வரன் மட்டும் தைரியமாகக் கிட்டே வந்தார். கோட்டும் மடியில் கிரேடுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "ஜட்ஜய்யா காயிங்களா? எந்த ஊரு தோட்டமுங்க?" என்றார்.

"கோவிந்தம்மாள் காய்" என்றார் சவுரியப்பன். "எடையைச் சரியாப் போடுங்க."

எடை அன்றைக்கு மிகச் சரியாகவே விழுந்தது. கோவிந்தம்மாள் எதிர்பார்த்த விலை கிடைத்தது. பணத்தை மடியில் முடிந்துகொண்டு வண்டிப் பக்கம் வந்தாள்.

"அடுத்த பறிப்பு வியாழக்கிழமைங்கய்யா."

நீதிபதி கோட்டிலிருந்த தக்காளிக் கறையைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "கவிப்பிரியா, அந்தம்மா பேர்ல இன்னொரு மனு போடு. வியாழக்கிழமை விசாரணை."

"அதே குறைதானே சார்? ஏற்கெனவே தீர்ந்துடுச்சுன்னு சொல்லும்."

"சொல்லட்டும். தீரத் தீரப் போட்டுக்கிட்டே இரு."

"ஐயா" என்றாள் கோவிந்தம்மாள். "அது தீர வேணாங்கய்யா. தொறந்தாப் போதும்."

டேப் கூவியது. அடுத்த மனுதாரர் யாரோ எங்கேயோ வாசலில் காத்திருந்தார். வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கே அவள் ஊருக்குத் திரும்பி வருவதற்கு மனு எதுவும் இல்லாததால் அவளை ஏற்றிக்கொள்ளப் படிவத்தில் இடமில்லை.

காலிக் கிரேடுகளை மண்டிக்காரர் மினி லாரியில் அனுப்பி, ரோட்டோரம் இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார். கோவிந்தம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பத்துக் கிரேடை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரில் வந்தபோது, உள்ளே காளியப்பன் ஒரு கல்லுக்காலைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தான்.

"அண்ணி, நல்ல விலைக்குப் போச்சாமே, லாரிக்காரரு எல்லாம் சொன்னாரு! வியாழக்கிழமை எத்தனை பேரு வர்றாங்க? முன்கூட்டியே சொல்லிடுங்க, ராமக்கா கேக்கறா."

"கேட்டைத் தொறங்க கொழுந்தனாரே. உள்ள வந்து சொல்றேன்."

காளியப்பன் நிஜமாகவே சங்கடப்பட்டான். சாவி இடுப்பில்தான் இருந்தது. அதன் மேல் கையும் போனது.

"உங்களுக்கு எப்படி அண்ணி தொறக்கறது? நீங்க நம்ம வூட்டு ஆளு. விருந்தாளி இல்லியே!"

கோவிந்தம்மாள் கம்பிக்கு அப்பால் தெரிந்த தன் வீட்டைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நாலாவது நாள் பழுக்கப்போகும் காய் இங்கிருந்தே செடியில் தெரிந்தது.

"எட்டுப் பேரு" என்றாள். "ஒரு ஜட்ஜுக்குச் சர்க்கரை ஆவாது."

கிரேடுகளைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தாள்.